பழைய போட்டோக்களுக்குப் புதிய வெளிச்சம்

பழைய காமிராவில் எடுத்த படம் பழைய படந்தான், அன்று அதில் விழுந்தது எதுவோ அதுதான் என்றைக்கும் இருக்கும் என்று நம்மில் அநேகர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். புதுக் காமிரா வாங்கினால் இனி எடுக்கும் படம் நன்றாக விழும். எடுத்து முடிந்துபோன படத்தை என்ன செய்ய முடியும் என்பது பொதுஜன அபிப்பிராயம். சமீப வருஷங்களில் கம்ப்யூட்டர் மென்பொருள்கள் அடைந்துள்ள அபிவிருத்தி இந்த அபிப்பிராயத்தைத் தலைகீழாக்கிவிட்டது.

2003-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஜப்பானியக் கம்பெனியான கானன், ‘ஈ.ஓ.எஸ். 300டி’ என்ற காமிராவை வெளியிட்டது. லென்ஸை மாற்றிப் போடக்கூடிய டிஜிட்டல் காமிரா ஒன்று 1000 டாலருக்குள் வந்தது அப்போதுதான். 63 லட்சம் புள்ளிகள் கொண்ட படத்தை அது தந்தது. பகல் வெளிச்சத்தில் அதன் மேல் குற்றம் சொல்வதற்கில்லை. இரவு வேளையில், மங்கிய விளக்கில், ஐ.எஸ்.ஓ. 1600 என்னும் உச்ச அளவில் வைத்து எடுத்தால்தான் சங்கடம். முகத்தின் நிழல் பக்கத்திலும் கறுப்புத் துணியின் மேலும் சிவப்பும் பச்சையுமாகப் பொடி மணலைத் தூவியது போல் இருக்கும். எடுத்தவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு, படத்தை ஒரு சி.டி. தட்டில் ஏற்றி அலமாரியில் போட்டுவிடுவார்.

அந்தத் தட்டை இன்று தேடி எடுத்து, அதே படத்தை இக்கால மென்பொருளில் திறந்து பார்ப்பவர் திகைத்துப் போகிறார். மணல் போய்விடுகிறது. சேலையின் கரையில் இழை தெரிகிறது. வெளுத்துப்போனதென்று எண்ணிய ஜன்னலுக்கு வெளியே வானம் தென்படுகிறது. காமிரா மாறவில்லை, லென்ஸ் மாறவில்லை, அன்று விழுந்த வெளிச்சமும் மாறவில்லை. அன்றைய பதிவைப் படிக்கிற முறை ஒன்றுதான் மாறியிருக்கிறது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. படத்தை ‘ரா’ பதிவாக வைத்திருக்க வேண்டும். ‘ஜேபெக்’ பதிவாக மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த யோகத்தில் பெரும்பங்கு கிட்டாது. அது ஏன் என்பதைச் சற்று விளக்கியாக வேண்டும்.

சமைத்ததும் சமைக்காததும்

‘ரா’ என்றால் பச்சையானது, சமைக்காதது என்று அர்த்தம். டிஜிட்டல் காமிராவுக்குள் ஃபிலிம் இருந்த இடத்தில் லட்சக்கணக்கான சிறு கண்கள் பதித்த ஒரு சில்லு இருக்கிறது. இந்தக் கண்களுக்கு வெளிச்சம் தெரியுமே தவிர நிறம் தெரியாது. ஆகையால் ஒவ்வொரு கண்ணின் மேலும் ஒரு நிறக் கண்ணாடியை மாட்டிவிடுகிறார்கள். நாலு கண்களுக்கு இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவில் கோடக் கம்பெனியில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் என்பவர். 1976-ல் அவருடைய காப்புரிமை வெளியாயிற்று. இன்று விற்கும் காமிராக்களில் மிகப் பெரும்பாலானவை அவர் வகுத்த கட்டத்தைத்தான் பின்பற்றுகின்றன.

இதன் விளைவு என்னவென்றால், ஒவ்வொரு புள்ளிக்கும் வேண்டிய மூன்று நிறங்களில் ஒன்றைத்தான் காமிரா நிஜமாக அளக்கிறது. மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டும். நாம் பார்க்கிற வர்ணப் படத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஊகம் என்றால் வாசகர்கள் நம்பமாட்டார்கள். ஆனால் உண்மை அதுதான். ஊகிக்கும் வித்தை தேறினால் படமும் தேறுமல்லவா? இங்கேதான் விஷயத்தின் உயிர்நிலை இருக்கிறது.

ஜேபெக்காக எடுக்கும்போது காமிராவே ஒரு நொடிக்குள் அவசர அவசரமாக ஊகித்து, நிறத்தைத் தீர்மானித்து, மணலைத் தேய்த்து மழுப்பி, படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சதுரங்களாக நறுக்கிச் சுருக்கிவிடுகிறது. 300டி போன்ற காமிராவின் சில்லு வெளிச்சத்தை 4096 படிகளாகப் பிரித்து அளக்கும். ஜேபெக்கில் 256 படிகள்தான் மிஞ்சும். வேண்டாததென்று 2003-ல் அந்தச் சின்னக் காமிராவின் மூளை கருதியதெல்லாம் அப்பொழுதே குப்பைக்குப் போய்விட்டது. ரா பதிவில் அப்படியில்லை. கண்கள் அளந்த எண்கள் அளந்தபடியே இருக்கின்றன. தீர்ப்பை யாரும் எழுதவில்லை. சாட்சியம் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

கல்வெட்டு ஆராய்ச்சியாளர்களுக்கு இது புதிய விஷயமன்று. கல்லின் மேல் ஈரக் காகிதத்தை ஒற்றி மை தட்டி எடுத்த மைப்படி ஒன்று இருந்தால், ஒருவர் படித்ததை அடுத்த தலைமுறையில் வேறொருவர் திருத்திப் படிக்கலாம். மைப்படியை எறிந்துவிட்டு, முதலில் படித்தவர் எழுதிக்கொண்ட வாசகத்தை மட்டும் வைத்துக்கொண்டால் அவருடைய பிழைகளையே நாம் காலமெல்லாம் கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான்.

ஃபிலிம் காலத்திலும் இதற்கு உதாரணம் உண்டு. அமெரிக்கப் புகைப்பட மேதை ஆன்ஸல் ஆடம்ஸ் 1941-ல் நியூ மெக்ஸிகோ மாகாணத்து ஹெர்னாண்டஸ் கிராமத்தின் மீது நிலவு எழும் காட்சியைப் படமெடுத்தார். நெகடிவ் ஒன்றுதான். அதிலிருந்து பல பத்தாண்டுகளாகப் பிரதிகள் போட்டுக்கொண்டேயிருந்தார். ஆரம்பப் பிரதிகளில் வானத்தில் மேகக் கீற்றுகள் தெரியும்; பிற்காலப் பிரதிகளில் வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பு. நெகடிவ் என்பது சங்கீதக்காரர் கையிலுள்ள ஸ்வரக் குறிப்பு போன்றது, பிரதி என்பது கச்சேரி போன்றது என்பது அவருடைய கொள்கை. ரா பதிவுக்கு ‘டிஜிட்டல் நெகடிவ்’ என்ற பெயர் வந்ததில் ஆச்சரியமில்லை.

இருபது வருஷத்தில் நடந்தது

ரா பதிவைத் திறக்கும் வேலை ஆரம்பத்தில் காமிராக் கம்பெனிகளின் தனிச் சொத்தாக இருந்தது. அந்தந்தக் காமிராவுக்கு அந்தந்தக் கம்பெனி தந்த மென்பொருள்தான். அவையும் ஆமை வேகத்தில் நகரும். 1997-ல் டேவ் காஃபின் என்ற அமெரிக்கர் ‘டி.சி.ரா’ என்னும் சிறு நிரலைத் தனியாளாக எழுதத் தொடங்கி, பல கம்பெனிகளின் பதிவுகளையும் பிரித்துப் படித்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஊருக்குப் பொதுவாக வைத்தார். பின்னால் வந்த எத்தனையோ மென்பொருள்கள் அவர் வெட்டிய கிணற்றிலே தண்ணீர் மொண்டவைதாம். 2003-ன் தொடக்கத்தில் ‘ஃபோட்டோஷாப்’ புகழ் தாமஸ் நோல் எழுதிய ‘காமிரா ரா’ என்ற துணை மென்பொருளை அடோபி கம்பெனி வெளியிட்டது.

அடோபி செய்த ஒரு காரியம் இங்கே கவனிக்கத்தக்கது. 2010-லும் 2012-லும் அது தன் சமையல் முறையையே மாற்றியது. ஆனாலும் 2003-ம் ஆண்டு முறையில் ஒருவர் திருத்தி வைத்த படம் அவர் கேட்டுக்கொண்டாலன்றி மாறாது. அவர் விரும்பினால் அதே பதிவைப் புதிய முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். மூலப்பதிவில் யாரும் கை வைப்பதில்லை. செய்த திருத்தமெல்லாம் குறிப்பாகத் தனியே நிற்கிறது. 2010-ல் மணலை நீக்கும் முறை வெகுவாகத் தேறிற்று. 2012-ல் வெளுத்துப்போன பகுதிகளையும் இருண்ட மூலைகளையும் மீட்கும் முறை வந்தது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்று நிரம்பி வழிந்துவிட்டாலும் மற்ற இரண்டில் செய்தி எஞ்சியிருக்கும் என்பதுதான் இந்த மீட்சியின் சூட்சுமம்.

அதற்கப்பால் நடந்ததுதான் பெரிய பாய்ச்சல். பிரெஞ்சுக் கம்பெனியான டி.எக்ஸ்.ஓ. 2020-ல் ‘டீப் பிரைம்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. 2023 ஏப்ரலில் அடோபியும் தன் பங்குக்கு ஒன்றை வெளியிட்டது. இவற்றில் மனிதன் வகுத்துத் தந்த கணக்கு மட்டும் வேலை செய்வதில்லை. மணல் படிந்த படத்தையும் அதே காட்சியின் தெளிந்த படத்தையும் ஜோடி ஜோடியாக எண்ணற்ற முறை யந்திரத்துக்குக் காட்டி, எது மணல், எது நூலிழை என்று அதற்குப் பழக்கியிருக்கிறார்கள். ரா பதிவில் மணல் தன் சுபாவப்படி புள்ளிக்குப் புள்ளி தனித்தனியாக நிற்கும். ஆகையால் யந்திரம் அதை அடையாளம் கண்டு களைய முடிகிறது. ஜேபெக்கில் மணலும் முகமும் ஒன்றாகப் பிசையப்பட்டு விட்டன. பிசைந்த சோற்றிலிருந்து உப்பைத் தனியே எடுப்பது எப்படி?

2021 மார்ச்சில் அடோபி வெளியிட்ட இன்னொரு வசதி, படத்தின் நீளத்தையும் அகலத்தையும் இரட்டிப்பாக்கித் தருகிறது. 63 லட்சம் புள்ளிகள் இரண்டரைக் கோடியாகின்றன. சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்க முடியாதென்று ஒதுக்கிய படத்தை இப்போது தைரியமாகப் பிரதி போடலாம்.

எல்லாம் முடியும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மூன்று நிறமும் நிரம்பி வழிந்த இடத்தில் மீட்பதற்கு ஒன்றுமில்லை. காமிரா முகத்தை விட்டுவிட்டுப் பின்னால் இருந்த தூணைக் குறிவைத்திருந்தால், இருபது வருஷம் கழித்தும் தூண்தான் தெளிவாகத் தெரியும்.

நெப்டியூன் கிரகத்தின் நிறம்

மூலப்பதிவைப் பாதுகாப்பதன் அருமை வீட்டுப் படங்களோடு நிற்கவில்லை. விண்வெளி ஆராய்ச்சியிலிருந்து ஓர் உதாரணம் சொல்லலாம்.

‘வாயேஜர் 2’ என்னும் அமெரிக்க விண்கலம் 1986 ஜனவரியில் யுரேனஸ் கிரகத்தையும் 1989 ஆகஸ்டில் நெப்டியூன் கிரகத்தையும் கடந்து சென்று படங்களை அனுப்பியது. யுரேனஸ் வெளிறிய பசு நீலமென்றும் நெப்டியூன் ஆழ்ந்த கருநீலமென்றும் அன்று முதல் பள்ளிப் புத்தகங்களிலெல்லாம் படம் போட்டார்கள். நெப்டியூனின் மேகங்களும் காற்றோட்டமும் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக நிறத்தின் ஏற்ற இறக்கத்தை விஞ்ஞானிகள் அன்று கூட்டி வைத்திருந்தார்கள். அதைப் படத்தோடு குறிப்பிடவும் செய்தார்கள். குறிப்பு காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது. கருநீலம் மட்டும் நிலைத்துவிட்டது.

2024 ஜனவரியில் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த பாட்ரிக் இர்வினும் அவருடைய சகாக்களும், ஹபிள் தொலைநோக்கியும் சிலி நாட்டிலுள்ள ஐரோப்பியப் பெருந்தொலைநோக்கியும் தந்த நிற அளவுகளைத் துணைகொண்டு வாயேஜரின் பழைய படங்களை மறுபடி சமைத்தார்கள். இரண்டு கிரகங்களும் கிட்டத்தட்ட ஒரே பசு நீலம் என்று முடிவாயிற்று. நெப்டியூனில் ஒரு பிடி நீலம் கூடுதல், அவ்வளவுதான். விண்கலத்தை மறுபடி அனுப்பவில்லை. 35 வருஷத்துக்கு முன் வந்த எண்களை யாரோ ஒழுங்காக வைத்திருந்தார்கள். ஜோடித்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு எண்களை அழித்திருந்தால் இந்தத் திருத்தத்துக்கு இடமே இருந்திராது.

மீட்சியா, கற்பனையா?

இனி இந்த விவகாரத்தின் மறுபக்கத்தைப் பார்ப்போம். பழகிய யந்திரம், பதிவில் இருப்பதை வெளியே கொண்டுவருகிறதா, தன் மனத்திலிருப்பதைப் பதிவின் மேல் ஏற்றுகிறதா என்ற கேள்வி எழுந்திருக்கிறது.

2020-ல் அமெரிக்காவின் டியூக் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள், கட்டம் கட்டமாகச் சிதைந்த முகப் படத்தைத் தெளிவான முகமாக்கும் ‘பல்ஸ்’ என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். ஜனாதிபதி பதவி வகித்த பராக் ஒபாமாவின் சிதைந்த படத்தை யாரோ அதற்குள் செலுத்த, ஒரு வெள்ளைக்காரரின் முகம் வெளிவந்தது! தெளிவான முகந்தான், கண், மூக்கு எல்லாம் லட்சணமாகத்தான் இருந்தன, ஆள்தான் வேறு. மணலை நீக்கும் மென்பொருளும் இதுவும் ஒன்றென்று சொல்லமாட்டோம். ‘பல்ஸ்’ இல்லாத முகத்தை உண்டாக்கும் முறையைச் சேர்ந்தது. மணல் நீக்கி, இருக்கும் புள்ளிகளைச் சுத்தம் செய்யும் முறையைச் சேர்ந்தது. எனினும் இருவருக்கும் பந்துத்துவம் உண்டு. தூரத்துப் பெயர்ப் பலகையின் எழுத்து, கூட்டத்தின் கோடியிலுள்ள முகம் ஆகியவற்றில் போதிய செய்தி இல்லாதபோது, பழகிய யந்திரம் எதையாவது பொருத்தமாக வைத்து நிரப்பிவிடும். பாட்டியின் முகச் சுருக்கம் ஒன்று கூடிக் குறைந்தால் குடும்பத்தாருக்கு நஷ்டமில்லை. கோர்ட்டில் சாட்சியமாகும் படத்திலும் பத்திரிகையில் செய்தியாகும் படத்திலும் அப்படி விட முடியாது.

பத்திரிகை உலகம் இந்த விஷயத்தில் இரு வேறு திக்கில் போனது வேடிக்கை. 2015-ல் உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியின் இறுதிக்கு முந்திய சுற்றில், காமிராவின் மூலப்பதிவை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்து, ஐந்தில் ஒரு பங்கு படங்களைத் தள்ளிவிட்டார்கள். அங்கே மூலப்பதிவு பொய்யைக் காட்டிக்கொடுக்கும் சாட்சி. அதே வருஷம் நவம்பரில் ராய்ட்டர் செய்தி ஸ்தாபனம், ரா பதிவிலிருந்து தயாரித்த படங்களை அனுப்ப வேண்டாம், காமிராவே ஜேபெக்காகத் தந்ததை மட்டும் அனுப்புங்கள் என்று தன் வெளிப் புகைப்படக்காரர்களுக்குச் சொல்லிவிட்டது. இங்கே ரா பதிவு, திருத்துகிறவன் கைக்குக் கிடைத்த சலுகை. செய்தி விரைந்து வரவேண்டும் என்பதும் ராய்ட்டரின் நோக்கம்; அதைக் குறைகூற இயலாது. ஆனாலும் போட்டிக்காரர்கள் கண்ட வழியே மேலானதென்பது நமது கட்சி. பிரசுரமாகும் படம் எதுவானாலும் சரி, மூலப்பதிவு பக்கத்தில் இருக்கட்டும். சந்தேகம் வந்தால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிடலாம்.

பூட்டும் சாவியும்

மூலப்பதிவை வைத்துக்கொள்வது சரி. அதைத் திறக்கும் சாவி யார் கையில் இருக்கிறது? 2005-ல் இதைப் பற்றி ஒரு பெரிய தகராறு மூண்டது. நிக்கான் கம்பெனி தன் ‘டி2எக்ஸ்’ காமிராவின் ரா பதிவில், எந்த வெளிச்சத்தில் படம் எடுக்கப்பட்டது என்பதைச் சொல்லும் நிறக் குறிப்பை மறைபொருளாக எழுதி வைத்தது. படம் எடுத்தவருடைய படத்தில், காமிரா விற்றவர் பூட்டுப் போடலாமா என்று தாமஸ் நோல் பகிரங்கமாகக் கேட்டார். பிறகு நிக்கான், பிற மென்பொருள்காரர்களுக்குத் தன் சாதனம் ஒன்றைத் தர முன்வந்தது. எல்லோருக்கும் பொதுவாக ஒரே ரா வடிவம் இருக்கட்டும் என்று 2004-ல் அடோபி ‘டி.என்.ஜி.’ என்ற வடிவத்தை வெளியிட்டு, அதன் விவரங்களைப் பகிரங்கப்படுத்தியது. சில கம்பெனிகள் ஏற்றுக்கொண்டன. கானனும் நிக்கானும் தங்கள் காமிராக்களில் தங்கள் வழியையே நடத்தி வருகின்றன.

அடோபியை மட்டும் தர்மப் பிரபு என்று நினைக்க வேண்டாம். 2013-ல் அது தன் முக்கிய மென்பொருள்களை விற்பதை நிறுத்திக்கொண்டு வாடகைக்கு விட ஆரம்பித்தது. பிறகு படத் திருத்த மென்பொருளான ‘லைட்ரூம்’ விஷயத்திலும் அதே கதை. சந்தா கட்டுவதை நிறுத்தினால், சேர்த்த படங்களைப் பார்க்கலாம். திருத்தும் அறைக்குள் நுழைய முடியாது. ஆப்பிள் கம்பெனியோ ‘அபர்ச்சர்’ என்ற மென்பொருளை 2005-ல் ஆர்ப்பாட்டமாகக் கொண்டுவந்து, 2014-ல் இனி வளர்க்கப் போவதில்லை என்று கைவிட்டது. 2019-ல் வந்த புதிய மாக் கம்ப்யூட்டர் அமைப்பில் அது ஓடவே ஓடாது. வருஷக்கணக்கில் அதில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான படங்களைத் திருத்தியவர்களின் உழைப்பில் பெரும்பகுதி வேறிடத்துக்கு வரவில்லை. மூலப்பதிவுகள் மட்டும் பிழைத்தன. அவற்றை வேறு மென்பொருளில் திறந்து முதலிலிருந்து சமைக்க வேண்டியதாயிற்று. ‘டார்க்டேபிள்’, ‘ரா தெரபி’ போன்ற இலவச மென்பொருள்கள் இருப்பதனால், கையில் காசில்லாதவருக்கும் சந்தா பிடிக்காதவருக்கும் கதவு அடைபடவில்லை. அவற்றின் நிரலையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாகையால், ஒரு கம்பெனி கடையைக் கட்டினாலும் சாவி தொலைந்துபோகாது.

நமது ஊர்க் கல்யாணங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல ஸ்டுடியோக்களில் ஆல்பத்தைக் கொடுத்துப் பாக்கிப் பணத்தையும் வாங்கிய சில மாதங்களில், இடம் அடைக்கிறதென்று ரா பதிவுகளை அழித்துவிடுகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. கேட்பாரில்லாத சரக்கை எத்தனை நாள் சுமப்பார்கள்? போட்டோக்காரருக்கு முன்பணம் கொடுக்கும்போதே, ஆல்பத்தோடு ரா பதிவுகளும் வேண்டும் என்று பேசிக்கொள்வது நல்லது. ஒரு ஹார்டு டிஸ்க் விலை கல்யாணச் செலவில் ஒரு மூலைக்குக் காணாது. ஒன்றுக்கு இரண்டு பிரதி எடுத்து வெவ்வேறு வீட்டில் வைக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஏற்கெனவே சி.டி. தட்டுகளில் போட்டு வைத்திருப்பவர்கள் இன்னும் அவசரப்பட வேண்டும். வீட்டில் எழுதிய தட்டின் சாயப்பூச்சு வெயிலிலும் வெக்கையிலும் மங்கிப் போகும். புதிதாக வரும் மடிக் கம்ப்யூட்டர்களிலோ தட்டுப் போடும் வாயே இருப்பதில்லை. 2003-ல் 300டி காமிரா எழுதிய ‘சி.ஆர்.டபிள்யூ.’ பதிவை இன்றைய மென்பொருள்கள் தயக்கமின்றித் திறக்கின்றன. தட்டு படிகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.